சினிமாவும் நமது அபிப்பிராயமும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் தோழர் ஒருவர் பேசியதன் விபரம்)



சமீபத்தில் பார்த்த சினிமாப் படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் சினிமாத் தொழில் அறிந்தவனல்ல. படம் பிடிக்கும் நுணுக்கமோ, வெளிச்சம் போடும் வித்தையோ, சங்கீத ஞானமோ எனக்குக் கிடையாது. ஆனாலும் அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்வதற்குச் சாப்பிடுகிறவன் சமையல் பரீட்சையில் தேறியிருக்க வேண்டியதில்லை. நாக்கு இருந்தால் போதும். அதுபோலவே படத்தைப் பற்றிச் சொல்வதற்குக் கண்ணும், காதும், கொஞ்சம் யோசனையும் இருந்தால் போதும்.

ஆனால் இன்று நம் ஊர்களில் அபிப்பிராயம் என்ற பேரால் நடமாடுவது என்ன? ஒரு வாலிபரைப் பார்த்து, "படம் எப்படியப்பா?" என்று கேட்டால், "மூன்று நாளில் நூறு கோடி" என்கிறார். நான் கேட்டது படத்தைப் பற்றி. அவர் சொல்வதோ வேறு யாரோ ஒருவர் பெட்டியில் விழுந்த பணத்தைப் பற்றி. வெங்காய மண்டிக்காரருக்கு இந்த வருஷம் இத்தனை லட்சம் லாபம் என்று கேள்விப்பட்டால், வெங்காயம் வாங்கினவன் பட்டாசு கொளுத்துவானா? தன் பையிலிருந்து போன பணமாயிற்றே என்று வயிறு எரிவான். சினிமாவில் மாத்திரம் பணம் கொடுத்தவனே, பணம் வாங்கினவனின் லாபத்துக்காக மேளம் அடிக்கிறான். இது எந்த ஊர் நியாயம்?

அது போகட்டும். நடிகரின் உருவத்தை நாற்பது அடி உயரத்துக்கு அட்டையில் செய்து நிறுத்தி, அதன்மேல் ஏறிக் குடம் குடமாய்ப் பால் ஊற்றுகிறார்கள். கோயிலில் கல்லுக்கு ஊற்றுவது போதாதென்று இங்கே அட்டைக்கு ஊற்றுகிறார்கள். கல்லாவது நனைந்தால் தாங்கும், அட்டை ஊறிப்போகும். அந்த அறிவுகூட இல்லை. 2024-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி இரவு ஐதராபாத்தில் ஒரு கொட்டகையில் "புஷ்பா" இரண்டாம் பாகத்தின் முதல் காட்சிக்கு நடிகர் வருகிறார் என்று கூட்டம் நெருக்கியடித்ததில், படம் பார்க்க வந்த ஒரு தாய் நசுங்கிச் செத்தாள். அவளுடைய பிள்ளை உயிருக்கு மன்றாடிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். மறுநாள் படம் நின்றதா? வசூல் கணக்கு நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை. தேர்த்திருவிழாவில் நசுங்கிச் செத்தால் "சாமியிடம் போய்ச் சேர்ந்தார்கள்" என்று சொல்லிவிட்டுத் தேரை இழுப்பார்கள் அல்லவா? அதே மாதிரிதான்.

வேறொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள். "சினிமா பொழுதுபோக்குத்தானே, அதில் போய் நியாயம் என்ன, அறிவு என்ன?" என்கிறார்கள். அப்படியானால் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்ளுவானேன்? பொழுதுபோக்காகச் சீட்டாடுகிறவன் ராணி செத்துப்போனாளே என்று அழுகிறானா? படம் நம் மனதுக்குள்ளே புகுந்து வேலை செய்கிறது. வேலை செய்கிற ஆளிடம் என்ன வேலை செய்தாய் என்று கணக்குக் கேட்பதில் தப்பில்லை.

நான் கணக்குக் கேட்கிற முறை ஒன்று உண்டு. படம் எவ்வளவு முற்போக்காகப் பேசுகிறது என்பதைப் பார்த்து நான் ஏமாறுவதில்லை. முக்கால் பங்கு நேரம் எல்லாருமே நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஏழைக்கு அநியாயம் நடக்கிறது என்று காட்டாத படமே கிடையாது. நான் பார்ப்பது கடைசிப் பத்து நிமிஷம். அந்த அநியாயத்தை யார் வந்து தீர்க்கிறார்கள்? சாமியா, சாமிக்குச் சமானமான கதாநாயகனா, கோர்ட்டா, பக்கத்து வீட்டுக்காரனா, அல்லது கஷ்டப்பட்டவரே தீர்த்துக்கொள்ளுகிறாரா? ஏனென்றால், படம் பார்த்த ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் தங்கள் கஷ்டம் தீர யாருக்காகக் காத்திருக்கப் போகிறார்கள் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. இப்போது கொட்டகைக்குப் போகாமலே வீட்டிலும் கைப்போனிலும் பார்க்க வசதி ஏற்பட்டுவிட்டபடியால், சில வருஷங்களுக்கு முன் வந்த படங்களையும் இந்த மாதங்களில் பார்த்தேன். அவைகளை இந்த அளவுகோலில் வைத்துச் சொல்லுகிறேன்.

முதலில் "மூக்குத்தி அம்மன்". 2020-ம் வருஷம் தீபாவளிக்கு வந்த தமிழ்ப் படம். சாமியார்களின் பித்தலாட்டத்தையும், ஆசிரமம் என்ற பேரால் ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைப்பதையும் நன்றாகக் கிண்டல் செய்கிறது. நானே சிரித்தேன். ஆனால் அந்தச் சாமியாரை வெளிப்படுத்த வருவது யார்? அம்மனே வருகிறாள்! மூக்குத்தியும் பட்டுப்புடவையுமாக மனிதர்களோடு கலந்து பேசி, "நான் உண்மை, இவன் பொய்" என்கிறாள். கள்ள நோட்டு அடிக்கிறவனைப் பிடிக்கவேண்டுமானால் நல்ல நோட்டு ஒன்று இருக்கிறது என்று ஏற்படுகிறதல்லவா? அதுபோல, போலிச் சாமியாரைத் திட்டுவதன்மூலமே அசல் சாமிக்கு ஒரு அத்தாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கதாநாயகனுக்கு எங்கெல்ஸ் ராமசாமி என்று பேர். இரண்டு பெரியவர்களின் பேரையும் ஒரே ஆளுக்குச் சூட்டி, அந்த ஆளைக் கொண்டுபோய் அம்மன் முன்னால் கைகட்டி நிறுத்தியிருக்கிறார்கள். துணிச்சல்தான்!

இந்தியில் 2014-ல் வந்த "பிகே" என்ற படம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. வேறு கிரகத்திலிருந்து வந்த ஒருவன், ஒரு காலேஜுக்கு வெளியே மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, சிவப்புக் கறையைப் பூசி, முன்னால் சில காசுகளைப் போட்டு வைக்கிறான். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் வரிசையாக வந்து விழுந்து கும்பிட்டுக் காசு போடுகிறார்கள். ஒரு வாரம் பேசவேண்டிய சங்கதியை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. ஆனால் கடைசியில் அவனும், நம்மைப் படைத்த சாமி வேறு, நாம் படைத்த சாமி வேறு, முதலாவது இருக்கட்டும், இரண்டாவது போகட்டும் என்று சமரசம் செய்துகொண்டு ஊருக்குப் போய்விடுகிறான். கல்லை நட்டுக் காட்டின கையால் அதைப் பிடுங்கவும் செய்திருக்கலாம். கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களுக்கு அவ்வளவு தைரியம் எப்படி வரும்?

அடுத்தது கன்னடத்திலிருந்து 2022-ல் வந்த "காந்தாரா". இதை ரிஷப் ஷெட்டி என்பவர் எழுதி, நடத்தி, தானே நடித்தும் இருக்கிறார். தமிழிலும் பேசவைத்து நம் ஊர்களில் ஓட்டினார்கள். தென் கன்னடக் கடற்கரைப் பகுதியில் நடக்கும் பூதக் கோலம் என்கிற ஆட்டத்தை அதில் காட்டியிருக்கும் விதமும், அந்த நடிகரின் உடம்பு படும் பாடும் சாதாரணமல்ல. அந்த வித்தையை நான் குறை சொல்லவில்லை. நான் கேட்பது கதையைப் பற்றி.

1847-ல் ஒரு ராஜா மன நிம்மதி தேடி அலைந்து, காட்டில் ஜனங்கள் கும்பிடும் ஒரு கல்லைப் பார்க்கிறான். அந்தக் கல்லை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக அவர்களுக்கு நிலத்தைக் கொடுக்கிறான். 1970-ல் அவன் வம்சத்தான் ஒருவன் நிலத்தைத் திருப்பிக் கேட்கிறான். கோர்ட்டுப் படிக்கட்டிலேயே ரத்தம் கக்கிச் சாகிறான். அப்புறம் கதை ஒரே தாவாக 1990-க்குத் தாவுகிறது. அங்கே ஒரு பண்ணையார் நிலத்தை வளைக்கச் சூழ்ச்சி செய்கிறான். ஆட்களைக் கொல்லுகிறான். கடைசிப் பத்து நிமிஷத்தில் சாகக் கிடந்த கதாநாயகன் மேல் தெய்வம் இறங்கி, பண்ணையாரையும் அவன் ஆட்களையும் அடித்துக் கொன்று தீர்க்கிறது. கொட்டகையில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் என்று கேள்வி.

தோழர்களே! 1970-லிருந்து 1990-க்குத் தாவினார்களே, நடுவில் 1974 என்று ஒரு வருஷம் இருந்தது. அந்த வருஷம் மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பேர் மாறியிருந்தது. தேவராஜ் அர்ஸ் முதல் மந்திரி. உழுகிற குத்தகைக்காரனுக்கே நிலம் என்று சட்டத்தைத் திருத்தி, தாலுகாவுக்குத் தாலுகா நில நீதிமன்றம் வைத்தார்கள். குத்தகைக்காரர்கள் மனுப் போட்டார்கள், சாட்சி சொன்னார்கள், நிலத்தைப் பெற்றார்கள். அதனால் பெரிய அளவில் பலனடைந்த ஜில்லாக்களில் இந்தத் தென் கன்னடமும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக நெல் அளந்தவன் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்து நிலத்துக்குச் சொந்தக்காரனானது அங்கே கண்ணெதிரில் நடந்த சங்கதி. அதற்காகச் சங்கம் வைத்துப் போராடினவர்கள் உண்டு, அடிபட்டவர்கள் உண்டு. அவ்வளவையும் ஒரு தாவில் தாண்டிவிட்டுப் போய், பூதம் வந்துதான் நிலத்தை மீட்டது என்றால், அந்த மனுவை எழுதினவன் கைக்கு என்ன மரியாதை?

படத்தில் வருவது காட்டு நிலம், குத்தகை நிலமல்ல என்று யாராவது சொல்லலாம். சரி. காட்டில் வாழ்கிறவர்களின் உரிமைக்கும் 2006-ல் தனிச் சட்டம் வந்தது. கிராம சபையில் உட்கார்ந்து, எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இந்த இடத்தில்தான் இருக்கிறோம் என்று அத்தாட்சியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தும் கிடைக்காமல் அலைகிறவர்கள் அநேகர். அலைகிறவனிடத்தில் போய், "உனக்குப் பூதம் துணை" என்று சொல்லுவது ஆறுதலா, அலைச்சலை நிறுத்தச் சொல்லும் யோசனையா?

இப்போது "ஜெய் பீம்" படத்தைப் பார்ப்போம். இது 2021 நவம்பரில் வந்தது. ஞானவேல் எடுத்த படம். 1993-ல் கடலூர்ப் பக்கத்தில் ராஜாக்கண்ணு என்ற ஏழையைப் போலீசார் திருட்டுக் குற்றம் சாட்டிப் பிடித்துப் போய், ஸ்டேஷனில் அடித்துக் கொன்றுவிட்டு, தப்பி ஓடிவிட்டான் என்று கணக்கு எழுதின உண்மை வழக்கு அது. வக்கீலாக இருந்து அதை நடத்தின சந்துரு பின்னால் சென்னை ஐக்கோர்ட்டு நீதிபதியாகவும் இருந்தார். படத்தில் அந்தக் குடும்பத்தாரை இருளர் என்று காட்டியிருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் குறவர் வகுப்பார். ஒரு ஜனத்தின் கஷ்டத்தை எடுத்துக் காட்டும்போது அவர்கள் பேரை மாற்றியது சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

படத்தின் முதல் காட்சியைப் பார்த்தீர்களா? ஜெயில் வாசலில் விடுதலையாகி வெளியே வருகிறவர்களை நிறுத்தி, ஒவ்வொருவனையும் "நீ என்ன ஜாதி?" என்று கேட்கிறார்கள். பெரிய ஜாதி என்றால் போ என்கிறார்கள். சின்ன ஜாதி என்றால் தனியே நிறுத்தி, முடியாமல் கிடக்கும் பழைய வழக்குகளை அவன் தலையில் கட்டுவதற்கு ஜீப்பில் ஏற்றுகிறார்கள். மனு தர்மத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியும் புரியாதவனுக்கு அந்த இரண்டு நிமிஷத்தில் புரியும்.

ஆனால் படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் என்ன பேசினார்கள்? சூர்யா எப்படி நடந்தார், எப்படிக் கோர்ட்டில் பேசினார் என்பதையே பேசினார்கள். வக்கீல் இல்லாவிட்டால் வழக்கு ஏது என்பது நியாயமே. ஆனால் இதை யோசிக்க வேண்டும்: வழக்கைக் கைவிடு, பணம் தருகிறோம் என்று பெரிய அதிகாரிகள் சொன்னபோது முடியாது என்றது யார்? எழுத்து வாசனையில்லாத, வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற அந்தச் செங்கேணி. மேலிடத்து உத்தரவு வந்ததும், அதே போலீசார் அவளை வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம் என்று ஜீப்பை வைத்துக்கொண்டு கெஞ்சுகிறார்கள். அவள் ஏறவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். ஜீப் அவள் பின்னால் ஆமைபோல் ஊர்ந்து வருகிறது. ஊரார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். லிஜோமோல் ஜோஸ் என்ற பெண் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நடந்திருக்கிறார். கட்சிக்காரி அசையாமல் நின்றதனால்தான் வக்கீலும் நிற்க முடிந்தது. அதைப் பார்க்காமல் வக்கீலுக்கு மாத்திரம் மாலை போடுவது, அட்டைக்குப் பால் ஊற்றும் புத்தியின் இன்னொரு கிளைதான்.

"அயோத்தி" என்று 2023-ல் ஒரு படம் வந்தது. கூட்டம் இல்லாமல் ஆரம்பித்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி ஓடின படம் என்கிறார்கள். அயோத்தியிலிருந்து ஒரு வைதீகர் தம் பெண்சாதி, மகள், மகனோடு தீபாவளி சமயத்தில் ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வருகிறார். வழியில் அவருடைய முரட்டுத்தனத்தாலேயே கார் விபத்தாகி, அந்த அம்மாள் இறந்துபோகிறாள். பாஷை தெரியாத ஊர். பிரேதத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த மனிதரோ பிரேதப் பரிசோதனை கூடாது, அது ஆசாரத்துக்கு விரோதம் என்று அடம் பிடிக்கிறார். அப்போது கார்க்காரனின் சிநேகிதன் ஒருவன் எடுத்துப் போட்டுக்கொண்டு அலைகிறான். போலீஸ் காகிதம், ஆஸ்பத்திரிக் காகிதம், பிரேதப் பெட்டி, விமானச் சீட்டு, பணம். பண்டிகை நாளானதால் ஒரு ஆபீசிலும் ஆள் இல்லை. படம் பூராவும் கதவு தட்டுவதும் கையெழுத்து வாங்குவதும்தான். இதில் என்ன ருசி என்று கேட்பீர்கள். எனக்கு இதைவிட ருசியான சங்கதி ஒன்றும் அகப்படவில்லை. ஸ்ரீராமன் பிறந்த ஊரிலிருந்து வந்தவருக்கு ராமேஸ்வரத்துச் சாமி ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. பழக்கமில்லாத ஒரு ஆள் எடுத்துப் போட்டான். அவன் பேர் என்ன என்று கடைசியில் விமான நிலையத்தில்தான் கேட்கிறார்கள். அப்துல் மாலிக் என்கிறான். அந்தத் தகப்பனை அவர் மகளே, தாயை எப்படி நடத்தினாய் என்று நிறுத்தி வைத்துக் கேட்கிற இடமும் நல்ல இடம். கொஞ்சம் சத்தம் அதிகம், அழுகையும் அதிகம், ஆனாலும் மன்னிக்கலாம்.

"பரியேறும் பெருமாள்" 2018-ல் வந்தது. மாரி செல்வராஜின் முதல் படம், பா. ரஞ்சித் தயாரித்தது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேரும் ஒரு ஒடுக்கப்பட்ட ஜாதிப் பையன், உடன் படிக்கும் பெண் ஒருத்தியோடு சிநேகமாக இருந்த குற்றத்துக்காக அடிபடுகிறான், அவமானப்படுகிறான், கொலை வரைக்கும் போகிறது. அதில் ஒரு கிழவர் வருகிறார். பார்த்தால் பரம சாது. ஜாதி மாறிப் பழகினவர்களைத் தற்கொலைபோலவும் விபத்துபோலவும் தோன்றும்படி கொன்று முடிப்பதே அவர் வேலை. கூலிக்காக அல்ல; குலசாமிக்குச் செய்யும் கைங்கரியமாக நினைத்துச் செய்கிறார்! காந்தாராவில் சாமி இறங்கியதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் இந்தக் கிழவரையும் ஒருதரம் பார்க்க வேண்டும். சாமி என் பக்கம் இருக்கிறது என்று நினைத்து ஒருவன் கையை ஓங்கினால், அந்தக் கை பண்ணையார் மேல்தான் விழும் என்பதற்கு என்ன ஜாமீன்? பெரும்பாலும் அது ஏழைப் பையன் கழுத்தில்தான் விழுந்திருக்கிறது.

அந்தப் படத்தின் கடைசியில் யாரும் ஜெயிக்கவில்லை. பையன் பெண்ணின் தகப்பனைக் கொல்லவில்லை. உட்கார்ந்து பேசுகிறான். நீங்கள் நீங்களாகவே இருந்துகொண்டு நான் மாத்திரம் நாயாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவரைக்கும் ஒன்றும் மாறாது என்கிற கருத்தைச் சொல்லுகிறான். அவர் எழுந்து போகிறார். மேஜையின்மேல் இரண்டு தேநீர் டம்ளர்கள் காலியாக இருக்கின்றன. ஒன்று பால் விட்டது, மற்றது பால் விடாதது. நடுவில் ஒரு மல்லிகைப் பூ. தனி டம்ளர் கொடுமை நடந்த நாட்டில், ஒரே மேஜையில் இரண்டு டம்ளரை வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். வெட்டுக்குத்து இல்லையே என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தமில்லை.

இனி "தி கிரேட் இந்தியன் கிச்சன்". மலையாளத்தில் ஜியோ பேபி எழுதி எடுத்து 2021 ஜனவரியில் வந்தது. 2023-ல் தமிழிலும் எடுத்தார்கள். நான் சொல்லுவது மலையாளப் படத்தை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டியிருக்கிறது.

கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. நாட்டியம் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிறது. புருஷன் பள்ளிக்கூட உபாத்தியாயர். குடும்பம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சமூக சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறவர்! நல்ல குடும்பம், குடிகாரனில்லை, அடிக்கிறவனில்லை. மாமனார் ரொம்ப சாந்தம்; குரலை உயர்த்திப் பேசமாட்டார். காலையில் அவருக்குப் பல் விளக்கும் பிரஷ்ஷில் பசையை வைத்து மாமியார் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வெளியே கிளம்பினால் செருப்பை எடுத்துவைக்க வேண்டும். மாமியார் மகள் பிரசவத்துக்குப் போனதும் அத்தனையும் மருமகள் தலையில் விழுகிறது. சட்னியை மிஷினில் அரைக்காதே அம்மா, அம்மியில் அரை. சோற்றைக் குக்கரில் வைக்காதே, விறகடுப்பில் வை. என் துணியை மிஷினில் போடாதே, கையால் துவை. எல்லாம் புன்சிரிப்போடு சொல்லுகிறார். வேலைக்கு மனுப் போடுகிறேன் என்றால், வீட்டிலிருந்து நீ செய்யும் வேலை மந்திரி வேலையைவிடப் பெரியது என்கிறார். அவ்வளவு பெரிய வேலையாயிருந்தால், தோழர்களே, அதை ஆண்பிள்ளைகள் இத்தனை நாள் பெண்களுக்கு விட்டுவைத்திருப்பார்களா?

படத்தில் சண்டையில்லை. காய் நறுக்குகிறாள், தேங்காய் துருவுகிறாள், தோசை வார்க்கிறாள், பெருக்குகிறாள், துடைக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள். மறுபடியும் காய் நறுக்குகிறாள். ஆண்கள் தின்று துப்பின முருங்கைச் சக்கையும் எச்சிலும் மேஜையெல்லாம் சிதறிக் கிடக்க, அதே மேஜையில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஓட்டலுக்குப் போனபோது புருஷன் ஒழுங்காகச் சக்கையை ஒதுக்கி வைக்கிறான். "ஓகோ, வெளியே வந்தால் தெரிகிறதே!" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதற்கு அவனுக்குக் கோபம் வந்து, அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிறது. உறவுக்காரப் பையன் ஒருவன், இன்றைக்கு உங்களுக்கு ஓய்வு என்று பெருமையோடு சமைக்கிறான். சமைத்து முடித்த பிறகு அடுக்களையைப் பார்த்தால் பன்றி புகுந்த தோட்டம். துடைக்க வேண்டியவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் சில ஆண்கள், "என்னப்பா இது, ஒரே மாதிரி இருக்கிறதே, சலிப்பாயிருக்கிறது" என்று எழுந்து போய்விட்டார்கள் என்று கேள்வி. ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சலிப்பாயிருக்கிறது. நாற்பது வருஷம் நின்று செய்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது. அழுக்குத் தண்ணீர் சொட்டுகிறது. ஆளைக் கூட்டி வாருங்கள் என்று புருஷனிடம் சொல்லுகிறாள். மறந்துவிட்டேன் என்கிறான். மறுபடி சொல்லுகிறாள். மறுபடி மறந்துவிட்டேன். அவள் ஒரு சாக்கைப் போடுகிறாள், ஒரு வாளியை வைக்கிறாள், அந்த வாளியை அள்ளி அள்ளிக் கொட்டுகிறாள், நாற்றம் கையில் ஒட்டிக்கொள்ளுகிறது. இந்தப் படத்தில் வில்லன் அந்தக் குழாய்தான். எத்தனை வீட்டில் இப்படி ஒரு குழாய் இருக்கிறது என்று வந்திருக்கிற ஆண்கள் நெஞ்சைத் தொட்டு எண்ணிக்கொள்ளட்டும்.

பிறகு சபரிமலைக்கு மாலை போடும் காலம் வருகிறது. எல்லா வயதுப் பெண்களும் அந்தக் கோயிலுக்குப் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 28-ல் தீர்ப்புச் சொல்லி, ஊரெல்லாம் அமளி நடந்த சமயம். வீட்டில் ஆண்கள் மாலை போட்டிருக்கிறார்கள், அவளுக்கு மாதவிலக்கு. ஒரு மூலை அறையில் தரையில் படுக்க வேண்டும், ஒன்றையும் தொடக்கூடாது. புருஷன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட, அவள் பதறி ஓடித் தூக்கப்போனால் அவளைத் தள்ளிவிட்டு, தொட்டுவிட்டாளே, இதற்குப் பரிகாரம் என்ன என்று குருசாமியைக் கேட்கிறான். மற்ற நாளில் அவள் கைச் சோறு வேண்டும், அவள் துவைத்த துணி வேண்டும், இரவில் அவள் வேண்டும். அந்த மூன்று நாள் மாத்திரம் அவள் தீட்டு! எந்தச் சாஸ்திரத்திலும் சமையலறைக் குழாய் ஒழுகினால் புருஷனுக்குத் தீட்டு என்று எழுதக் காணோம்.

கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வருகிறேன். மாலை போட்ட சாமிகள் கூடியிருக்கிறார்கள். அவள் அந்தத் தொட்டியின் கழிவுத் தண்ணீரையே தேநீர் என்று கொடுத்து அனுப்புகிறாள். புருஷனும் மாமனாரும் சீறிக்கொண்டு அடுக்களைக்கு வருகிறார்கள். வாளியிலிருந்த அழுக்குத் தண்ணீரை இருவர் மேலும் வீசிக் கொட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அவள் நடந்து போய்விடுகிறாள். எந்த அம்மனும் வரவில்லை. எந்த வக்கீலும் வரவில்லை. நல்லவன் ஒருவன் வந்து இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு காப்பாற்றவுமில்லை. பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கே தாயார் அவளையே திட்டுகிறாள். தம்பி வெளியிலிருந்து வந்ததும், தண்ணீர் கொடு என்று தங்கையைக் கேட்கிறான். "நீயே போய் எடுத்துக் குடிக்கக்கூடாதா?" என்று இவள் போடும் சத்தத்தில் பெண் பிள்ளை எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். அந்தச் சின்னப் பெண் உட்கார்ந்த இடம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் படத்திலேயே பிடித்த இடம்.

நம் தமிழில் 1939-லேயே "தியாகபூமி" என்ற படத்தில், கைவிட்ட புருஷன் சேர்ந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனபோது, வரமாட்டேன், வேண்டுமானால் நானே அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று ஒரு பெண் சொன்னாள். சர்க்கார் அந்தப் படத்தை வேறு காரணத்துக்காகத் தடுத்தார்கள். ஆனால் அவளையும் அவள் புருஷனையும் கடைசியில் தேச சேவையில் சேர்த்து, ஜெயிலுக்கு அனுப்பி, எல்லாரையும் சமாதானப்படுத்திவிட்டார்கள். 82 வருஷத்துக்குப் பிறகு வந்த இந்த மலையாளப் பெண் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. அவள் நாட்டியம் சொல்லிக்கொடுத்துத் தன் காலில் நிற்கிறாள். அந்தப் புருஷனோ வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவன் குடித்த டம்ளரை வைத்துவிட்டுப் போகிறான், புதியவள் கழுவுகிறாள். படம் முடிந்துவிட்டது.

எனக்குக் கொடுத்த நேரமும் முடிந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின் தேநீர் உண்டு என்று தலைவர் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன்; முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்களில் நாலைந்து பேர் பாதிப் பேச்சிலேயே எழுந்து பின்கட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களை வெளியே வரச் சொல்லி, இந்த நாற்காலிகளில் உட்காரச் சொல்லுங்கள். இந்தப் படத்தைப் பற்றி அவர்கள் பேசட்டும். அடுப்பை நானும் இன்னும் இரண்டு தோழர்களும் பார்த்துக்கொள்ளுகிறோம். டம்ளர் கழுவ ஆண்களில் யார் யார் வருகிறீர்கள் என்று கையைத் தூக்குங்கள்.